எங்கள் கிணற்றுக்குக் கிடைத்த நற்சான்று

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தைத்தான். வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது, கோடையிலும் வற்றாது, தண்ணீர் இனிக்கும். மாப்பிள்ளை எதுவரை படித்திருக்கிறார் என்று என் அப்பா கேட்டதற்குக்கூட, என் மாமியாராக வரப்போகிறவர் கிணற்றின் ஆழத்தைத்தான் பதிலாகச் சொன்னார். திருத்தணிப் பக்கத்தில் அது லேசான விஷயமில்லை. என் பிறந்த வீட்டில் நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும். அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்.

எங்கள் தெரு பள்ளிப்பட்டு போகிற சாலையில் ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. வீட்டுக்கு ஒரு தறி, வசதியுள்ள வீட்டில் இரண்டு. லுங்கி நெய்வோம். பாதி வீடுகளில் உள்ளே தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ். நெய்வதற்கு நூல் கொடுப்பவர் தெருக்கோடியில் சாயப்பட்டறை வைத்திருந்த முதலாளி. நெய்த துணியை வாங்கிக்கொள்பவரும் அவரே. நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவரும் அவரே. ஆண்களையெல்லாம் மச்சான் முறை வைத்து 'பாவா' என்பார், பெண்களையெல்லாம் 'அக்கா' என்பார். இப்படித் தெரு முழுக்க உறவாகிவிட்ட மனிதரைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் உறவை முறித்துக்கொள்ள வேண்டும், அடுத்துத் தறியை நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் செய்துவிட்டால் தாராளமாகப் பேசலாம். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

ஆரம்பத்தில் பட்டறையின் சாயக்கழிவு ஒரு வாய்க்கால் வழியாக வெளியே ஓடி ஏரிக்கரைப் பக்கம் போய்ச் சேரும். அந்தப் பக்கத்து விவசாயிகள் நெற்பயிர் கருகிப் போகிறதென்று பட்டறை வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் முதலாளியிடம் நூல் வாங்குகிறவர்கள் இல்லை. அதனால் சத்தம் போட முடிந்தது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, இனிமேல் ஒரு சொட்டுச் சாயம் பட்டறையை விட்டு வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றவில்லை என்று இன்றுவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு சொட்டுக்கூட அப்புறம் வாசல் வழியாக வெளியே வரவில்லை.

கொஞ்ச நாளில் பட்டறைக்குள் போர் போடுகிற லாரி வந்தது. எங்கள் தெருவுக்குள் அப்படியொரு வண்டி வந்தது அதுதான் முதல் தடவை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, பூமிக்குள் துளை போட ஆரம்பித்தார்கள். தறிகளையெல்லாம் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கப் போனோம். வெள்ளைப் புழுதி எழும்பி எல்லோர் தலையும் நரைத்ததுதான் மிச்சம். தண்ணீர் வரவில்லை. மூன்றாள் சேர்ந்து கத்தினால்தான் கேட்கும் அளவுக்கு அந்த இரைச்சல், அவ்வளவு செலவு, கடைசியில் வெறும் பாறைப் பொடி. எங்களுக்கே பாவமாக இருந்தது. என் மாமியார் "தம்பிக்கு இப்பிடி ஆயிப்போச்சே" என்று உச்சுக் கொட்டினார். முதலாளி மட்டும் கவலையே படவில்லை. எல்லோருக்கும் சுண்டல் கொடுத்து அனுப்பினார். தண்ணீர் வராத போருக்குச் சுண்டல் கொடுத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. வாய்க்கால் காய்ந்து போயிற்று, நாற்றம் போயிற்று, விவசாயிகள் சமாதானமானார்கள். பட்டறையில் சாயம் போடுவது மட்டும் முன்னைவிட ஜோராக நடந்தது. அந்தக் கழிவெல்லாம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணில் படாதது ஒழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது மனிதர்களுக்கு ஒரு சௌகரியம். ஊர் சுத்தமானதைப் பாராட்டி, புதிதாக அமைத்த தண்ணீர்ப் பாதுகாப்புக் குழுவுக்கு முதலாளியையே தலைவராகப் போட்டார்கள். குழுவில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் பட்டறைக் கணக்குப்பிள்ளை, இன்னொருவர் முதலாளியின் சகலை. ஆக, ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்துக்கொள்ள ஏற்பாடு பலமாகத்தான் இருந்தது.

அடுத்த கோடையில் என் மகளுக்கு நடக்கிற வயது. அவளுடைய வெள்ளைச் சட்டைகளைக் கிணற்றடியில் அலசிப் போட்டால் காயும்போது லேசான ரோஸ் நிறத்தில் இருந்தன. சாய வேட்டி ஏதோ கலந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு சோறு நிறம் மாறியது. அப்புறம் ஒரு நாள் வாளியில் ஏறி வந்த தண்ணீரே சிவப்பாக இருந்தது.

பட்டறையில் பெரிய துளையாகப் போட்டதெல்லாம் தண்ணீர் எடுப்பதற்கில்லை, கழிவை உள்ளே விடுவதற்கு என்று அப்போதுதான் தெருவுக்கு விளங்கியது. மண்ணுக்குக் கீழே போனது மண்ணுக்குக் கீழேயே எங்கள் கிணற்றைத் தேடி வந்துவிட்டது. விளங்கியதே தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"வாயை வச்சிகினு சும்மா இரு. நூலு நின்னு போச்சுன்னா நாளைக்கு எதை நெய்வே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சல்.

முதலாளி தாமாகவே வீட்டுக்கு வந்து விசாரித்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லேக்கா. நம்ம பூமி செம்மண்ணு பூமி. இரும்புச் சத்து ஊறிகினு வருது. ஒடம்புக்கு ரொம்ப நல்லது" என்றார். என் மாமியாருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் ஆடிக் கிருத்திகை நெருங்கியபோது தண்ணீர் மஞ்சளாயிற்று. காவடி எடுக்க வருகிற கூட்டத்துக்கு மஞ்சள் துணி ஏராளமாகப் போகும், பட்டறையில் இரவு பகலாக மஞ்சள் போட்டார்கள். அதற்கு முதலாளி, மலையிலிருந்து விபூதி குங்குமம் மஞ்சள் எல்லாம் மழையில் கரைந்து வருகிறது, புண்ணியம் என்றார். தீபாவளிக்கு முன்னால் பச்சை. அது பாசி. பொங்கலை ஒட்டி நீலம் வந்தது. நீலத்துக்கு மட்டும் அவரிடம் காரணம் தயாராக இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்ப வரவில்லை. எங்கள் வீட்டில் அந்த வருஷம் காலண்டர் மாட்டவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தால் என்ன பண்டிகை வருகிறது என்று தெரிந்துவிடும்.

நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்தவள். அந்தத் திமிரில், வீட்டுக்காரருக்குத் தெரியாமல், திருத்தணிக்குப் போய் ஒரு அதிகாரியைப் பார்த்தேன். அந்தப் போரை மூட வேண்டும், எங்கள் கிணறு எங்களுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அதிகாரி நல்ல மாதிரியாகப் பேசினார். உட்காரச் சொன்னார். இப்படிப்பட்ட புகாருக்கென்றே குழு இருக்கிறதே, அதன் தலைவரிடம் கொடுத்தால் அவர் விசாரித்துத் தங்களுக்கு அனுப்புவார் என்றார். தலைவர்தானே சாமி கழிவை விடுகிறவர் என்றேன். "அப்போ இன்னும் நல்லதாப் போச்சு. அவருக்கு விஷயம் நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

இருந்தாலும் நான் நாலைந்து தடவை நடையாய் நடந்ததில் ஒரு பலன் கிடைத்தது. அதிகாரி நேரில் வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பப் போகிறார் என்று சேதி வந்தது. சேதியைக் கொண்டுவந்தவர் முதலாளியின் கணக்குப்பிள்ளை. "பெரிய எடத்து மனுசங்க வராங்க. தெருவு மானம் போவாம பாத்துக்கோங்கன்னு மொதலாளி சொன்னாரு" என்று என் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும், யார் என்ன என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டிவிட வேண்டும். வந்தவர் வாய் திறந்து தண்ணீர் கேட்கும்படி வைத்துவிட்டால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. அதிலும் என் மாமியார் கிணற்று வீட்டு மாமியார். தெருவே எங்கள் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்று சொல்லிக்கொள்கிறவர். அவர் எப்படி அதிகாரிக்கு நீலத் தண்ணீரை நீட்டுவார்?

அன்று விடிகாலையிலேயே எழுந்து, ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயி கிணற்றுக்குப் போய், நல்ல தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்துவிட்டார். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, தட்டால் மூடி, மேலே சொம்பு வைத்து, கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தார். நான் சோதனையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் விருந்தாளியைப் பற்றி.

அதிகாரி முதலாளியின் காரில்தான் வந்து இறங்கினார். சோதனை செய்யப்படுகிறவரின் வண்டியில் சோதிக்கிறவர் வந்ததை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. பஸ் கிடைக்கவில்லையாம். நான் கிணற்றடியில் வாளியும் கயிறுமாக நின்றேன். அன்றைக்குத் தண்ணீர் ஊதா நிறம். பார்த்தால் ஊமைகூடப் பேசிவிடுவான், அப்படியொரு ஊதா.

"வெயில்ல வந்துகிறீங்க, மொதல்ல தாகத்துக்குக் குடிங்க சார், அப்பால வேலையைப் பாத்துக்கலாம்" என்று முதலாளி அவரைக் கூடத்தில் உட்கார வைத்தார். என் மாமியார் சொம்பை நீட்டினார். அதிகாரி அண்ணாந்து மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆஹா, சர்க்கரை மாதிரி இருக்குதே!" என்றார். கூட வந்த உதவியாளரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடத்துப் பக்கம் குனிந்தார்.

நான் வாளியோடு உள்ளே ஓடினேன். "சார், அது கிணத்துத் தண்ணி இல்லீங்க. கிணறு பின்னால கீது. இதோ பாருங்க!"

அதிகாரி என் வாளியைப் பார்க்கவில்லை. வயதில் பெரியவரைக் கேட்பதுதான் முறை என்பதுபோல என் மாமியார் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீங்க சொல்லுங்க. இது உங்க வீட்டுத் தண்ணிதானே?"

என் மாமியார் ஒரு தடவை என்னைப் பார்த்தார். ஒரு தடவை முதலாளியைப் பார்த்தார். அதிகாரி கையில் காலிச் சொம்பு இருந்தது.

"ஆங். எங்க வீட்டுத் தண்ணிதாங்க" என்றார்.

அத்தோடு முடிந்தது. பாட்டிலை மூடினார்கள். என் வாளியை நான் கூடத்துச் சாணித் தரையில் அப்படியே கவிழ்த்துவிட்டேன். அந்தக் கறை போக வெகு நாளாயிற்று. அதையும் அதிகாரி பார்க்கவில்லை, காரில் ஏறிவிட்டார்.

அன்று நான் மாமியாரோடு போட்ட சண்டையை நினைத்தால் எனக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. "ஏன் அத்தை அப்பிடிச் சொன்னீங்க? ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா போதுமே!" என்று கத்தினேன். "வந்தவங்க குடிச்சிட்டு சொம்பைக் கையில வச்சிகினு இருக்கறப்போ, இது இரவல் தண்ணி, எங்க வீட்ல குடுக்கறதுக்குத் தண்ணி இல்லேன்னு சொல்லச் சொல்றியா? அதுக்கு நான் நாக்கைப் புடுங்கிக்கலாம்" என்றார். அவர் பொய்யே பேசாத மனுஷி. அன்றைக்கும் தாம் பேசியது பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை. மரியாதை என்றுதான் நினைத்தார். முதலாளிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் யாரையும் மிரட்டவில்லை, எதையும் மாற்றி வைக்கவில்லை. எங்கள் நல்ல குணத்தை நம்பி உட்கார்ந்திருந்தார், அது அவரைக் கைவிடவில்லை.

சோதனை முடிவு வந்தபோது பட்டறை வாசலில் பந்தல் போட்டுப் படித்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் நிறமற்றது, மணமற்றது, குடிக்க மிகவும் ஏற்றது. சுத்தத்தைக் காப்பாற்றியதற்காகக் குழுத் தலைவருக்கு மாலை. பந்தலுக்குப் போய்விட்டு வந்தவர்கள் கால் கழுவ எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், அன்றைக்கு அது கத்தரிப்பூ நிறம். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். வீட்டுக்காரர் என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

நற்சான்றின் பலன்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் தெருவுக்கு என்று ஒரு அடி பம்பு ஒதுக்கியிருந்தார்கள். இவ்வளவு நல்ல தண்ணீர் இருக்கிற தெருவுக்கு பம்பு எதற்கு என்று அதைச் சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டுத் தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். பம்பு வரும்வரை நாங்களும் மேட்டுத் தெருக்காரர்களும் ரயில் கேட்டுக்கு அப்பால்தான் போய் எடுத்தோம். என் மாமியாருக்கு முழங்கால் வலி. ஒரு நாள் அவரால் போக முடியவில்லை, நான் தறியில் மாட்டிக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மாமியாரே குழந்தைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். மறுநாள் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். கண் உள்ளே போய்விட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

தண்ணீர்தான் காரணம் என்று நான் டாக்டரிடம் சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். "அந்தக் கிணறா? அதைத்தான் டெஸ்ட் பண்ணி நல்ல தண்ணின்னு சொல்லிட்டாங்களேம்மா. வேற ஏதோ குடுத்திருக்கீங்க" என்றார். என் மாமியார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் என் மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவே மாட்டேன். கத்திச் சண்டை போட்ட எனக்கே அவரைத் தொட்டுப் பேச வேண்டும்போல இருந்தது. தொட்டேன்.

கோடை முடிகிற சமயத்தில் மேட்டுத் தெரு பம்பைத் திறந்து வைக்க அதே அதிகாரி வந்தார். கூட முதலாளி. திறப்பு விழாவில் பேச்சு நீண்டுவிட்டது, வெயில் மண்டையைப் பிளந்தது. புது பம்பில் முதல் தண்ணீர் கலங்கலாக வந்தது. போன தடவை ஒரு வீட்டில் குடித்த தண்ணீரை அதிகாரி மறக்கவில்லை. அந்த வீட்டுக்கே போகலாம் என்று அவரே ஆசைப்பட்டுக் கேட்டாராம். சாலையைத் தாண்டி நடந்தே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள், பின்னால் ஒரு கூட்டம். கார் மெதுவாக அவர்களைத் தொடர்ந்து வந்து நின்றது.

என் மாமியார் வாசல் படியில் நின்றிருந்தார். உள்ளே போகவில்லை, சொம்பைத் தேடவில்லை. அதிகாரி கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அம்மா, குடிக்கத் தண்ணி குடுங்க."

"எங்க வீட்ல தண்ணி இல்லீங்க" என்றார் என் மாமியார்.

அந்த நாலு வார்த்தையைச் சொல்ல அவர் எவ்வளவு தூரம் வந்திருந்தார் என்பது அங்கே எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் தெரியும்.

முதலாளி சிரிக்கப் பார்த்தார். "இன்னாக்கா இது, வெளையாடறீங்க. கிணறு வச்சிகினு தண்ணி இல்லேன்னா?"

"கிணத்துல சாயம் கீது தம்பி. நீங்க உட்டது. சாருக்கு எந்தக் கலரு வேணும்னு கேளுங்க, மொண்டு தரேன்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வழக்கமாகச் செய்கிற காரியம்போல, கார்க் கதவைத் திறந்து, முன்சீட்டுக்குக் கீழேயிருந்து பெரிய பிளாஸ்க் ஒன்றை எடுத்துவந்து மூடியில் தண்ணீர் ஊற்றி நீட்டினான். பட்டறையிலிருந்து எங்கள் வாசல் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கு முதலாளி தமக்கென்று தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறார் என்பதைத் தெரு முழுக்கப் பார்த்தது. அதிகாரியும் பார்த்தார், ஆனால் தாகம். வாங்கிக் குடித்தார்.

அவர் குடித்து முடிக்கும்வரை என் மாமியார் பொறுமையாக நின்றார். பிறகு, விருந்தாளியிடம் பேசுகிற அதே மரியாதையோடு கேட்டார்.

"அது எந்த ஊருத் தண்ணிங்க?"

கார்க் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

அடுத்த வாரம் எங்கள் தறிக்கு நூல் வரவில்லை. வீட்டுக்காரர் பள்ளிப்பட்டு போய் வேறொருவரிடம் கூலிக்கு நெய்ய நூல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தாயோடு சண்டை பிடிக்கப் போகிறார் என்று பயந்து நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டில் நின்றேன். அவர் நூல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போய், கிணற்றின் மேல் பலகைகளைப் போட்டு ஆணி அடிக்க ஆரம்பித்தார். அடித்து முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இனிமே யாரு வந்து தண்ணி கேட்டாலும், அம்மா சொன்னதையே சொல்லு" என்றார்.